முந்நூறு கன்றுகளும் ஒரு பழைய பிக்கப்பும்

6 ஜூலை, திங்கள். சிப்பிகாட்

மழை, ஐந்தாவது நாள். காலை ஆறரைக்கு வண்டி எடுக்கவில்லை.

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி, மறுபடி பிரகாசம். மறுபடி திருப்பினால் மறுபடி 'டக்'. பேட்டரி ஜனவரியில் வாங்கியது. அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் அப்படியே. பிறகு நிமிர்ந்து:

"இறங்கித் தள்ளுடா, எம்.ஏ."

தள்ளினேன். நர்சரி வாசலில் சரிவு இருப்பது கடவுளின் கருணை. இரண்டாவது கியரில் குலுங்கிப் பிடித்தது. யோகம் அக்கா கன்றுகளுக்கு மண் நிரப்புவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், பதினொரு வருடமாக அக்காவோடு இந்த நர்சரியில். பிக்கப்பை லொறி என்றுதான் சொல்வாள்.

"தம்பி தள்ளுறதப் பாத்தா, லொறிய தள்ளுற மாதிரி இல்ல. லொறிக்கு ஆறுதல் சொல்ற மாதிரி இருக்கு."

இந்த வாரம் நடக்க வேண்டியது, எனக்காகவே எழுதி வைக்கிறேன்:

வியாழன் விடியற்காலை புறப்பாடு. அன்று மாலைக்குள் மாயாபந்தர்.
வெள்ளி காலை பதினொன்றுக்குப் பதிவு அலுவலகம். அமுதா அக்காவுக்கும் தாபஸ் தாவுக்கும் கல்யாணம்.
வண்டியில் முந்நூறு பாக்குக் கன்றுகள், நாற்பது மிளகுக் கொடிகள், அக்கா, நான்.

தாபஸ் தா மாயாபந்தரில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வங்காளி; 'தா' என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். இரண்டு வருடம் முன்பு அக்காவிடம் இருபது மிளகுக் கொடி வாங்கினார். கொடி வாடுகிறது என்று அத்தனை தூரத்திலிருந்து நான்கு முறை வந்து புகார் செய்தார். ஒரு கொடியும் வாடவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அக்காவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. அம்மாவிடம் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன்: "பெட்டியத் தூக்கிட்டு பஸ்ல போய் இறங்க மாட்டேன். என் வண்டியில, என் கன்னுங்களோட போவேன். அங்க நிலம் அவருது. அதுல நிக்கிறது என்னுதா இருக்கணும்."

முப்பத்து நான்கு வயது. இதை ஒரு முறைதான் சொன்னாள்.

ஆக, வண்டி போயாக வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாதது ஒரு வியாதி. இன்னொன்றும் இருக்கிறது. போன புதன்கிழமையிலிருந்து மேட்டில் இழுவை போய்விடுகிறது. கிளம்பும்போது நன்றாகத்தான் போகிறது. கொஞ்ச நேரம் கழித்து, பெடலைத் தரையோடு மிதித்தாலும் ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் மெலிகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

ஊருக்குள் என்றால் பரவாயில்லை. ஆனால் காட்டுப் பாதை. ஆதிவாசிகளுக்கு ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுவார்கள், முன்னால் போலீஸ், பின்னால் போலீஸ். உள்ளே நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. ஒற்றை வரிசை. நாங்கள் நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை வண்டியும் நிற்கும்.

அம்மா அந்த வரிசையில்தான் பேருந்தில் வருகிறாள். எங்களோடு வர மறுத்துவிட்டாள்: "பொண்ணு கல்யாணத்துக்குத் தக்காளிக் கூடை மாதிரி ஏறிப் போகச் சொல்றியா?"

அலமாரியில் புத்தகங்களுக்கு மறுபடி பூஞ்சை. நான்கைத் துடைத்தேன். கல்லூரி வேலைக்கான விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை.

7 ஜூலை, செவ்வாய்

மழை விட்டு விட்டு. முதல் வியாதி தீர்ந்தது!!

(இரண்டு ஆச்சரியக்குறி. அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.)

காலையில் மறுபடி 'டக்'. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து தா.வுக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில் குரல் செய்தி. பின்னணியில் படகு எஞ்சின், யாரோ எதையோ சுத்தியலால் அடிக்கிறார்கள்:

"பேட்டரி கோ காலி மத் தோ. பேட்டரி அச்சா ஹை. அர்த் தேகோ, அர்த். மைனஸ் சே இஞ்சின் தக். செல்ஃப் மார்தே வக்த் மீட்டர் லகாவ்." கடைசியில் அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும்: "அமுதா, சாப்டியா? சரி."

பேட்டரியைத் திட்டாதே, எர்த்தைப் பார், மைனஸிலிருந்து எஞ்சின் வரை, ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் வை என்கிறார். படகுகளில் பாதி வியாதி உப்பால் வருவதுதானாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தேன், இன்னொன்றை எஞ்சின் உடம்பில். அக்கா சாவியைத் திருப்பினாள். மின்சாரம் திரும்பும் பாதை சுத்தமாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். மூன்றரை வோல்ட் காட்டியது.

அதாவது பேட்டரி கொடுக்கிறது. எஞ்சின் வாங்குகிறது. திரும்பி வரும் வழியில் ஏதோ தின்றுகொண்டிருக்கிறது.

வண்டிக்கு அடியில் சேற்றில் படுத்தேன். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் கேபிள். வெளியே கறுப்பு ரப்பர், புதிது போல. வளைத்தேன். முறுக்கு மாதிரி நொறுங்கியது. உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. வெளித்தோல் மட்டும் நல்லபடியாக இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுத எனக்கு நிறைய வரும். எழுதவில்லை. உப்புத்தாள் வைத்து போல்ட்டு முகங்களைத் தேய்த்தேன், வெள்ளையாக மின்னும் வரை. வெல்டிங் கேபிளில் ஒரு துண்டு, இரண்டு முனையிலும் வளையம். யோகம் அக்கா அளந்து வெட்டித் தந்தாள்.

சாவி. அரைச் சுற்றில் பிடித்தது.

அக்கா ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்துத் தோட்டத்து வாத்துகள் கலைந்து ஓடின. "எம்.ஏ.! எம்.ஏ.!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பட்டம் பாராட்டு மாதிரி ஒலித்தது.

மகிழ்ச்சியின் ஆயுள்: ஒரு மணி நேரம்.

மதியம் பெரார்கஞ்ச் பாதையில் சோதனை ஓட்டம். பன்னிரண்டாவது நிமிடம், மேட்டின் பாதியில் மூச்சு போனது. மூன்றாவது கியர், இரண்டு, ஒன்று. ஒன்றிலும் நகர்ந்தோம் என்று சொல்ல முடியாது. குடையோடு நடந்து போன ஒருவர் எங்களோடு சமமாக வந்தார். பிறகு முந்தினார். திரும்பிப் பார்த்து:

"கியா பெஹன்ஜி, காடி சல் ரஹா ஹை கி சோ ரஹா ஹை?"

ஓடுகிறதா தூங்குகிறதா. அக்கா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தா.வின் கேள்வி போனில்: புகை எப்படி? கறுப்பா, வெள்ளையா? புகையே இல்லை. அப்படியானால் காற்றுக் குறைவு இல்லை, டீசல் போய்ச் சேரவில்லை என்றார். டீசல் ஃபில்டர் மாற்றினோம். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து விட்டோம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று ஃபில்டரையும் தட்டிச் சுத்தம் செய்தேன், மனசு கேட்காமல். மறுபடி மேடு. மறுபடி அதே இடம்.

வரும் வழியில் அக்கா: "பஸ்லயே போய்டுவோம்டா. கன்னுங்க அப்புறம் கப்பல்ல வரட்டும். இல்ல, பதிவத் தள்ளி வைக்கச் சொல்றேன்."

இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால்: அவள் 'தள்ளி வைக்க' என்றதும் எனக்குள் ஒரு சந்தோஷம். நான்கு விநாடி இருக்கும். வீட்டில் இனி என்னை 'டேய்' என்று கூப்பிட யார். நான்கு விநாடி முடிந்ததும் வெட்கம். அது இன்னும் முடியவில்லை.

அம்மா ஷாதிபூர் வீட்டிலிருந்து போன். முறுக்கு எத்தனை டின் என்று சொல்லக் கூப்பிட்டாள். "அந்தத் தம்பி வீட்டுல மீன் தலைய எல்லாம் சாப்பிடுவாங்களாமே. இவளுக்குக் கண்ணப் பாத்தாலே பயம்." பிறகு, "வண்டி எப்படி இருக்கு?" நான்: "டீக் ஹை." அம்மா: "இந்தியில சொன்னா பொய்னு அர்த்தம்."

8 ஜூலை, புதன்

காலை தூறல். பிறகு வெயில். ஈர மண்ணிலிருந்து ஆவி.

தா.வின் யோசனை: டேங்கை முழுதாக இறக்கிப் பார். கசடு, பாசி, இலை, எதுவும் இருக்கலாம். வேட்டித் துணியில் வடிகட்டி கேன்களில் இறக்கினோம். துணி சுத்தம். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தம். ஒரு கேனை மட்டும் திரும்ப ஊற்றி மேட்டுக்குப் போனோம்.

பாடிக்கொண்டே ஏறியது. வண்டியும் அக்காவும். மேல் வரை போய், இறங்கி, மறுபடி ஏறினோம். நாற்பது நிமிடம்.

"பாத்தியா! டீசல்தான்டா! எவனோ மண்ணெண்ணெய் கலந்திருக்கான்!"

பெட்ரோல் பங்கில் இருப்பவர்களைப் பெயர் சொல்லித் திட்டினாள். திரும்பி வந்து மீதிக் கேன்களையும் ஊற்றினோம், வேறு டீசல் இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை மேடு.

பன்னிரண்டாவது நிமிடம். போச்சு.

அக்கா இறங்கிப் போய் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. நான் வண்டியோடு.

யோசித்தது, யோசித்த வரிசையில்:

அதே டீசல். கொஞ்சமாக இருந்தபோது ஓடியது.
ஆகவே டீசல் குற்றவாளி இல்லை.
மாறியது அளவு மட்டும்.
நிறைய இருந்தால் நிற்கிறது. குறைவாக இருந்தால் ஓடுகிறது. உலகத்தில் எந்த வண்டி இப்படி?
நாங்கள் எப்போதும் கால் டேங்குக்கு மேல் போடுவதில்லை. போன புதன்தான் பயணத்துக்காக நிரப்பினோம். அன்றுதான் வியாதி தொடங்கியது.
நிறைந்த டேங்கில் எது குறைவு?
காற்று.

மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக உள்ளே இழுத்தது. தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்தவன் போல. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் முழுக் குரலில்.

மூடியில் காற்று புக ஒரு சின்ன ஓட்டை உண்டு. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலை விடாமல் உள்ளே இழுத்துப் பிடிக்கும். காலியாக இருக்கும் டேங்கில் ஏற்கெனவே நிறையக் காற்று, அதனால் தாங்கும். நிறைந்த டேங்கில் தாங்காது.

அந்த ஓட்டையை எனக்குத் தெரியும். நேரில் தெரியும்.

மே மாதம் வந்தால் இங்கே எல்லாரும் எதையாவது அடைப்பார்கள். தகரக் கூரையில் ஆணி ஓட்டை, ஜன்னல் இடுக்கு, அரிசி டின்னின் விளிம்பு. எட்டு மாத மழைக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அடைக்கிற வேலை. போன வருடம் டீசலில் மழைத்தண்ணீர் இறங்கி இரண்டு நாள் போனது. ஆகவே இந்த மே மாதம் நான், யாரும் சொல்லாமல், சொந்த அறிவால், டேங்க் மூடியின் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். இது எப்படி இத்தனை நாள் கவனிக்கப்படாமல் இருந்தது என்று ஆச்சரியப்பட்டேன். பசை வைத்து அடைத்தேன். விளிம்பைச் சுற்றி சைக்கிள் டியூபில் ஒரு வளையமும் வெட்டிப் போட்டேன். அழகான வேலை. ஒரு சொட்டு இறங்கவில்லை. பெருமையில் அன்று இரண்டு தோசை அதிகம்.

கல்யாணப் பேச்சு ஜூனில்தான் எனக்குத் தெரியும். ஆக, தேதிப்படி நான் நிரபராதி. இதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மைல்கல்லுக்குப் போனேன்.

"அக்கா, டீசல் இல்ல. நான்."

"என்ன நான்?"

சொன்னேன். மே மாதம், பசை, டியூப் வளையம், எல்லாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். மைல்கல்லிலிருந்து வழுக்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பில்.

"அடப்பாவி. அடப்பாவி! மூக்கையும் வாயையும் பொத்திட்டு மலையேறச் சொல்லிருக்க! காலையிலேர்ந்து நான் பங்குக்காரங்களத் திட்டிட்டு இருக்கேன்!"

"மழைத்தண்ணி..."

"ஒரு தொப்பி மாட்டி விட வேண்டியதுதானடா! கழுத்த நெரிக்கணுமா?"

யோகம் அக்காவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில். "நான் சொல்லல? லொறிக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே கொன்னுருக்கு தம்பி."

குண்டூசியைச் சூடாக்கிப் பசையைக் குடைந்து எடுத்தேன். டியூப் வளையத்தை எறிந்தேன். ஓட்டைக்கு மேலே, ஒரு விரல் இடைவெளி விட்டு, எண்ணெய் டின் தகரத்தில் ஒரு சின்னக் கூரை வளைத்துப் பொருத்தினேன். மழை விழாது, காற்று போகும். டேங்க் நிறைய வைத்து மேடு, மூன்று முறை. மூன்று முறையும் போனோம்.

நான்கு விநாடி சந்தோஷத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதற்கு அவள் சிரிப்பாளா தெரியவில்லை.

மாலை கன்று ஏற்றினோம். யோகம் அக்கா ஒவ்வொன்றையும் பெயர் வைத்தவள் போலக் கையில் வாங்கி அடுக்கினாள். நாளையிலிருந்து இந்த நர்சரி அவள் பொறுப்பு. கடைசிக் கன்றை வைத்ததும் அக்காவிடம், "சும்மா சும்மா ஓடி வராத. நான் பாத்துக்கிறேன், விளங்குதா?" என்று அதட்டிவிட்டு, முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

9 ஜூலை, வியாழன். மாயாபந்தர், இரவு

எழுத நிறைய. பத்து மணி நேரம் குலுங்கி வந்தோம்.

அரைச் சுற்றில் ஸ்டார்ட். ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். காட்டு வாசலில் வரிசையில் ஒன்பதாவது வண்டி நாங்கள். மூன்று வண்டி பின்னால் பேருந்து, ஜன்னலோரம் அம்மா. பார்க்காதது போல இருந்தாள். போன்கள் பைக்குள், உள்ளே படம் எடுக்கக் கூடாது. தடை தூக்கினார்கள்.

நான் கடிகாரத்தையே. எட்டாவது நிமிடம். பத்து. பன்னிரண்டு வந்தபோது மூச்சை நிறுத்தியிருந்தேன். பதினைந்து. மரங்கள் இரு பக்கமும் சாலைக்கு மேல் சேர்ந்து, பச்சை வெளிச்சம். பின்னால் எங்கள் பாக்குக் கன்றுகளின் இலைகள் கேபின் கூரையில் உரசும் சத்தம். இருபத்தைந்து. பெரிய மேடு ஒன்று, வளைவோடு. அக்கா கியர் மாற்றினாள், தாடை இறுகி. எஞ்சின் அழுத்தி இழுத்தது. சுருதி இறங்கவில்லை. ஏறிவிட்டோம்.

"பேசித் தொலைடா. எழவு வீட்டுக்குப் போற மாதிரி வர்ற."

பேசினேன். நான்கு விநாடியைச் சொன்னேன். எதற்கு அங்கே, தெரியவில்லை. இறங்க முடியாத இடம் என்பதால் இருக்கலாம்.

அவள் சாலையிலிருந்து கண் எடுக்கவில்லை. "நாலுதானா? நான் அஞ்சாறு எதிர்பாத்தேன்" என்றாள். அடுத்த வளைவு தாண்டி, "எனக்கும் உண்டு. நீ எண்ணுற, நான் எண்ணல."

ஒன்றரை மணி நேரமும் ஒரு முறைகூட மூச்சு வாங்கவில்லை. வண்டியைச் சொல்கிறேன்.

காடு முடிந்த படகுத்துறையில், கழியைக் கடக்க வண்டிகளை ஏற்றக் காத்திருந்தபோது அம்மா பேருந்திலிருந்து இறங்கி, குடை பிடித்து, எங்களிடம் வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கன்று ஒன்றை நிமிர்த்தி வைத்தாள்.

"பஸ்ல எல்லாரும் கேட்டாங்க, முன்னாடி ஒரு தோப்பு நடந்து போகுதே, அது யாருதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"எம் பொண்ணுதுன்னு சொன்னேன்."

மிச்சப் பயணத்துக்கு எங்களோடு ஏறிக்கொண்டாள். நடுவில், முறுக்கு டின்னை மடியில் வைத்து. தக்காளி பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று மணிக்கு மாயாபந்தர். தா. வெளுத்த சட்டையில் சாலைக்கே வந்து நின்றிருந்தார். நாங்கள் நிறுத்தியதும் நேராக முன்பக்கம் போய், பானெட்டைத் தூக்கி, எர்த் கேபிளை விரலால் அசைத்துப் பார்த்தார். பிறகு டேங்க் மூடிக்குப் போய் என் தகரக் கூரையைக் கண்டு, "வாஹ்! வாஹ் பாய்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அக்கா இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எஞ்சின பாத்தாச்சா? இப்ப இங்க பாரு."

ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. பார்த்தார். கிரீஸ் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

பொழுது சாயும் வரை கன்று இறக்கினோம். அவர் வீட்டார் ஐந்து பேர், நாங்கள் மூன்று. சேதம்: பாக்கு இரண்டு, மிளகு பூஜ்யம்.

இரவு மீன் தலை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், தமிழில், ஆகவே உண்மை.

10 ஜூலை, வெள்ளி. பதிவு அலுவலகம், வெளி பெஞ்ச்

வெயில். ஒரு மேகம் இல்லை, நம்ப முடியவில்லை.

இங்கே வர ஒரு செங்குத்து மேடு. அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினாள். தா. பக்கத்தில், தலை சாய்த்து எஞ்சினைக் கேட்டபடி. அம்மா: "தம்பி, அது நல்லா இருக்கு, நீங்க சட்டைய இழுத்து விடுங்க." நான் பின்னால், கன்று இறக்கிய வெற்றுத் தட்டில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்து. கீழே கடல், படகுகள், யாரோ கை அசைத்தார்கள், நானும். மூன்றாவது கியரிலேயே ஏறியது.

மூன்று சாட்சி வேண்டும். நான், தா.வின் மாமா, தா.வின் கடை நண்பர். அம்மா தன் பெயரையும் எங்காவது எழுதச் சொல்கிறாள், இடம் இல்லை என்கிறார் எழுத்தர், இடம் பண்ணுங்க என்கிறாள் அம்மா, நடுவில் அக்கா இந்தியில் சமாதானம், தா. சாப்டியா சரி என்று எழுத்தரிடமே

கையெழுத்துப் போட எங்கள் பக்கம் பேனா கேட்கிறார்கள். இருப்பது நான் எழுதும் இது ஒன்றுதான்.